ஐந்து நட்சத்திரக் கரடி

ஒரு காட்டில், அதுவும் மார்கழி பிறந்தால் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி விழுகிற மலைக்காட்டில், புனிதவதி என்றொரு கரடி குடித்தனம் நடத்தி வந்தாள். குகை சொந்தக் குகை. கணவர் ஏகாம்பரம், மாமியார், கொழுந்தன் தயாளன், இவளோடு சேர்த்து நான்கு பேர். குளியலறையில் கீசர்கூட இருந்தது. எல்லாம் இருந்தும் என்ன? பதினோரு குளிர்காலமாக அவள் உடம்பில் ஒரு சொம்பு வெந்நீர் பட்டதில்லை.

காட்டின் மின்சேமிப்பு வாரியம் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரைதான் கீசருக்கு மின்சாரம் விடும். அதில் ஒரு தொட்டித் தண்ணீர் சுடும், அவ்வளவுதான். கரடிகளுக்கோ உடம்பெல்லாம் முடி. நனைவதற்கே ஒரு வாளி போய்விடும். ஏகாம்பரம் தேன் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலைக்குப் போகிறவர், அதனால் முதலில் குளிப்பார். மாமியாருக்கு மூட்டுவலி, அதனால் இரண்டாவது. மூன்றாவது தயாளன். அவனுக்கு வேலையும் இல்லை, வலியும் இல்லை. பாடிக்கொண்டே நிதானமாகக் குளிப்பான். அடுப்படி வேலையை முடித்துப் புனிதவதி நாலாவதாக உள்ளே போகும்போது, ஓடையில் ஓடுகிற அதே தண்ணீர்தான் குழாயிலும் வரும்.

"ஏங்க, இன்னொரு தொட்டி கேட்டுப் பார்த்தா என்ன?" என்றாள் ஒரு நாள்.

"மின்சாரத்தை மிச்சம் பிடிக்கணும் புனிதா. நாளைக்கு வர்ற தலைமுறைக்கு வேண்டாமா?" என்றார் ஏகாம்பரம். அவர் தலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாளைக்கு வருகிற தலைமுறை வரட்டும், அதுவும் நாலாவதாகக் குளிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவளே வாரிய அலுவலகத்துக்குப் போனாள். முன்னால் ஒரு முள்ளம்பன்றி நின்றதால் யாரும் யாரையும் நெருக்காமல் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. கூடுதல் வெந்நீர்த் தேவைக்கான படிவத்தை மூன்று பிரதி எழுதினாள். 'குடும்பத் தலைவர் கைநாட்டு' என்ற இடத்தில் தன் கையையே அழுத்தினாள். கரடிக் கையில் எது யார் கை என்று எவன் பார்க்கப் போகிறான்?

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் தணிகாசலம் வந்தார். மந்தி இனம். வாலைச் சுருட்டி ஃபைலோடு அக்குளில் இடுக்கியிருந்தார்.

"வெந்நீர் பத்தலைன்னு எழுதியிருக்கு. யாருக்குப் பத்தலை?"

"எனக்குப் பத்துது சார்," என்றார் ஏகாம்பரம்.

"எனக்கும் பத்துது. சொல்லப்போனா கொஞ்சம் சூடு ஜாஸ்தி," என்றாள் மாமியார்.

தயாளன் துண்டோடு வந்து, "ரெண்டாவது பாட்டு வரைக்கும் தாராளமா வருது," என்றான்.

"எனக்குத்தான் சார் பத்தலை," என்றாள் புனிதவதி.

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு வெந்நீர் செலவு பண்றீங்க?"

"ஒரு சொம்புகூட இல்லை."

"செலவே இல்லைங்கறீங்க. செலவில்லாத ஆளுக்குப் பற்றாக்குறை எப்படிம்மா வரும்?"

படிவத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். போட்ட பூஜ்யத்தையே சற்று நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல தொட்டிக்குப் போர்வை சுத்தினவங்களைப் பார்த்திருக்கேன். குழாய்க்கு வைக்கோல் கட்டினவங்களைப் பார்த்திருக்கேன். இப்படி ஒரு சேமிப்புச் சாதனத்தைப் பார்த்ததே இல்லை."

பையிலிருந்து ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்தார். கீசரில் ஒட்டிப் பார்த்தார், ஈரத்தில் நிற்கவில்லை. அதனால் புனிதவதியின் பிடரியில் வைத்து நன்றாக அழுத்தினார். "கழட்டிடாதீங்கம்மா. மறு ஆய்வுக்கு வரும்போது கேட்பாங்க." விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் அக்கம்பக்கத்துக் கரடிகளைக் கூட்டி வந்து அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிக் காட்டினார். "அஞ்சு ஸ்டார். பராமரிப்புச் செலவும் கம்மி."

மறுநாள் காலை ஆறு அடித்தது. புனிதவதி உப்புமாவை மூடி வைத்தாள். ஏகாம்பரம் துண்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். முதல் சொம்பு முதுகில் இறங்கியபோது, தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது வாளியில் விரல்கள் திரும்பி வந்தன. மூன்றாவது வாளி தேவையே இல்லை. அதையும் ஊற்றிக்கொண்டாள்.

"புனிதா, சங்கத்துக்கு நேரமாச்சு."

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க."

அப்புறம் மற்ற மூவரும் வரிசைப்படி குளித்தார்கள். ஏகாம்பரத்துக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. மாமியார் பாதியில் வெளியே வந்துவிட்டாள். தயாளன் அன்று பாடவில்லை.

கீசர் பழுது என்று ஏகாம்பரம் புகார் கொடுத்தார். மத்தியானமே ஒரு நீர்நாய் மெக்கானிக் கருவிப்பெட்டியோடு வந்து கீசரைக் கழற்றிப் பார்த்து மாட்டினான்.

"கீசர்ல ஒரு குறையும் இல்லைங்க."

"அப்போ இதுலதான் கோளாறு," என்று ஏகாம்பரம் புனிதவதியைக் காட்டினார். "நேத்து வரைக்கும் பச்சைத் தண்ணியில நல்லா ஓடிச்சு. இன்னைக்கு மொத்தத் தொட்டியையும் காலி பண்ணிடுச்சு."

நீர்நாய் அவளைச் சுற்றி வந்து ஸ்டிக்கரைப் படித்தான். "எத்தனை வருஷமா ஓடுது?"

"கல்யாணம் ஆகி பதினோரு வருஷம்."

"வாரண்டி எப்பவோ முடிஞ்சிருக்கும். பார்ட்ஸும் கிடைக்காதுங்க. ஒரு தடவை சூடு ஏறிட்டா இந்த மாடல் பழைய நிலைமைக்கு வராது."

இதைச் சொல்லும்போது புனிதவதி அவனுக்கு உப்புமா வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு நிறைய வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே அறிக்கை எழுதினான்: 'சேமிப்புச் சாதனம் செயலிழந்துவிட்டது. மூன்று நபர்களுக்குக் கடும் வெந்நீர்த் தட்டுப்பாடு. அவசரம்.'

மூன்றாம் நாள் இரண்டாவது தொட்டி வந்து இறங்கியது. படிவம் இல்லை, வரிசை இல்லை, ஆய்வும் இல்லை. இப்போது நாலு பேருக்கும் தாராளமாக வெந்நீர் வருகிறது. தயாளன் மூன்றாவது பாட்டும் பாடுகிறான்.

ஆனாலும் புனிதவதி இன்றுவரை முதல் ஆளாகத்தான் குளிக்கிறாள். பழுது தானாகச் சரியாகிவிட்டதோ என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா? ஸ்டிக்கர் ஆவியில் ஊறி ஒரு பிடி முடியோடு கழன்று வந்தது. வடிகாலை அடைத்துவிடாமல் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

நீதி: ஒழுங்காக ஓடுகிறவர்களுக்கு நட்சத்திரம் கிடைக்கும்; வெந்நீர் வேண்டுமென்றால் பழுதாக வேண்டும்.