ஏழாம் கட்டில் காசிநாதன்

அறிவரசனுக்குக் கேட்கவில்லை. படுத்திருந்தவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைத்தாலும் லப் டப், லப் டப் என்று சமர்த்தாக ஓடியது. வால்வு சுருங்கிய இதயம். நடுவில் ஒரு உறுமல் வந்தே ஆக வேண்டும். வரவில்லை.

எம்.பி.பி.எஸ். கடைசி வருட மெடிசின் பிராக்டிகல், மூன்றாவது முறை. குன்னத்தில் அவன் அம்மா அம்சவள்ளி முதல் முறையே 'எங்கள் ஊர் டாக்டர்' என்று ஃபிளெக்ஸ் அடித்துவிட்டாள். அது இன்னும் பரண் மேல் சுருண்டு கிடக்கிறது. இந்தத் தடவையும் ஊத்திக்கொண்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

இத்தனைக்கும் யார் வரப்போகிறார் என்று முன்பே தெரியும். பரீட்சைக்கு வருடா வருடம் அதே நோயாளிகளைத்தான் போன் போட்டு வரவழைப்பார்கள். நண்பன் கலைவாணன் எப்படியோ லிஸ்ட்டைப் பிடித்துவிட்டான். ஏழாம் கட்டில், காசிநாதன், கீழப்பழுவூர்.

"அவரு நெஞ்சுல வச்சா போதும்டா, செவிடனுக்கும் கேக்கும்" என்றான்.

அதை நம்பி நாற்பது நாள் அந்த ஒரு வால்வையே உருப்போட்டிருந்தான் பாவி.

"மூச்சு வாங்குமாங்கய்யா?"

"நாலு எட்டு வச்சா வாங்கும்ங்க. முன்னல்லாம்."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க."

'மருந்தில் முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டான். அவர் தலை மொட்டையாக இருந்தது.

"சமயபுரத்துல அடிச்சீங்களா?"

"இல்லீங்க, அது வந்து..."

"யோவ்!" என்று குரல் வந்தது. இந்த வருடம்தான் மாற்றலாகி வந்த நர்ஸ் லீலாவதி. "காலைலயே படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? உடம்பைப் பத்திக் கேட்டா மட்டும் பதில். மத்த பேச்சுப் பேசி வியாதியைச் சொல்லிக் குடுத்துடாத!"

அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

ஸ்டெத்தில்தான் கோளாறு என்று பக்கத்துக் கட்டில் கவிதாவிடம் இரவல் வாங்கினான். அதிலும் லப் டப். ஃபேன் சத்தம்தான் கெடுக்கிறது என்று சுவிட்சை அமுக்கினான். வார்டே வியர்த்து அவனைத் திட்டியது. இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தான். ஊஹூம்.

உடம்பை அலுக்க வைத்தால் உறுமல் கூடும் என்று படித்தது ஞாபகம் வந்தது.

"எழுந்து உக்காந்து படுங்கய்யா. இருவது தடவ."

பன்னிரண்டில் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. 'மூச்சுத்திணறல்' என்று எழுதினான். நாடி எகிறியது. அதையும் எழுதினான். புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. உறுமல் மட்டும் வரவில்லை.

"முடியலீங்க தம்பி..."

"இன்னும் எட்டுதாங்க. என் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு!"

அதற்குள் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் வேணுகோபால் எதிரே வந்து நின்றார்.

"என்னப்பா கேட்டுச்சு?"

போன தடவை கேட்கவில்லை என்று உண்மையைச் சொன்னதற்குத்தான் ஃபெயிலாக்கினார்கள். அறிவரசன் ஒரே போடாகப் போட்டான்.

"உறுமல் சார். இதயத்தோட நுனியில."

வேணுகோபால் ஃபைலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். கண்ணை மூடினார். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"அடடா, எவ்வளவு தெளிவா இருக்கு! ஃபைல்ல போட்டிருக்கிறதை விட முத்திப்போச்சு. இனிமே ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. இவ்வளவு நல்ல காது உள்ள பையனையா ரெண்டு தடவ ஃபெயில் பண்ணாங்க?"

அறிவரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவருக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லையே! ஃபிளெக்ஸ் பரணிலிருந்து இறங்கப் போகிறது, அதில் சிரிக்கப் போகிறவன் ஒரு செவிட்டு டாக்டர். நினைக்கவே அழுகை வந்தது.

மணி அடித்ததும் ஏழாம் கட்டிலுக்கு ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க புண்ணியத்துல பாஸ் பண்ணிடுவேன், காசிநாதன் ஐயா!"

அவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. லீலாவதி போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தார்.

"இப்பப் பேசலாமுங்களா?"

"சொல்லுங்கய்யா."

"காசிநாதன் எங்கண்ணனுங்க, செத்துப் பதினெட்டு நாளாச்சு, பரீட்சைக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டாரேன்னு நான் வந்து படுத்தேன்... என் நெஞ்சுலயுமா அந்தச் சத்தம் கேக்குது?"