எலி மாப்பிள்ளைக்கு வலித்தது

இந்த உலகத்தில் எலியிடம் சாரி கேட்ட ஒரே மனுஷன் எங்கள் எலி மாப்பிள்ளைதான். கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலேஜில் டாக்டர் பட்டத்துக்காக எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். நான் அங்கே கூண்டு கழுவுகிறவள். அவர் எலிகளுக்குச் செய்த உபசாரத்தை என் மருமகன் தலைதீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை. எலி வீட்டில் பெண் எடுத்தவர் மாதிரித் தாங்கினார்; அதனால் நான் வைத்த பெயர் அது.

ஆராய்ச்சி இதுதான். பாதி எலிகளுக்கு மீனெண்ணெய் கலந்த தீனி, மீதிக்குக் கடலை எண்ணெய் கலந்தது. சில வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் சூடான தட்டில் விட வேண்டும். எலி காலை நக்கியதும் தூக்கிவிட வேண்டும். அதிக நேரம் நக்காமல் நின்றால் அதற்கு வலி குறைவு என்று கணக்கு. படித்தவர்களுக்கு எப்படியெல்லாம் பொழுது போகிறது பாருங்கள்.

“நைனா, கோவளத்துல பொறந்ததுலேர்ந்து மீன் துன்னுகினு கீறேன். என் முட்டி மட்டும் இன்னாத்துக்கு வலிக்குது?” என்று கேட்டேன்.

“நீங்க எலி இல்லையே ஆயா.”

பெரிய கண்டுபிடிப்பு.

மாப்பிள்ளைக்கு மனசு தாங்காது. முதலில் தன் உள்ளங்கையைத் தட்டில் வைத்துப் பார்ப்பார். பிறகு எலியிடம் சாரி. அது காலை அசைத்ததுமே, நக்குவதற்கு முன்பே, லபக்கென்று தூக்கிவிடுவார். கை சிவந்ததுதான் மிச்சம்.

அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பெரிய மேடம் வந்து பார்த்தார். “ஒரு எலியாவது நக்கிச்சா? இது ஆராய்ச்சியா, மறுவீட்டு விருந்தா? வெள்ளிக்கிழமை ஒழுங்கா செஞ்சு காட்டலன்னா பட்டத்த மறந்துடுங்க.”

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை என்னிடம் கையை நீட்டினார். “கெட்டியா புடிச்சுக்குங்க ஆயா. அது நக்குற வரைக்கும் விடாதீங்க.”

“கண்ணாலத்துல எங்கூட்டுக்காரரு கையக்கூட இவ்ளோ கெட்டியா புடிக்கல நைனா.”

பிடித்தேன். மறு கையில் கடிகாரத்தோடு அவர் துள்ளினார். தட்டில் நின்ற எலி வாயைத் திறக்கவில்லை; இவர்தான் “ஆ, ஆ” என்றார். அது நக்கியதும் விட்டேன். பருந்து மாதிரிப் பாய்ந்து தூக்கினார். இப்படியே எல்லா எலிக்கும். என் தோள்பட்டை கழன்றது.

ஆனால் கடலை எண்ணெய்க் கூட்டம் சட்டென்று நக்கியது. மீனெண்ணெய்க் கூட்டம் சாவகாசமாக நின்றுவிட்டுத்தான் நக்கியது. மேடம் தலையாட்டினார். பட்டம் கிடைத்தது. மொத்த வலியும் பட்டவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

இப்போது அவருக்கு வெளியூரில் வேலை. மாதாமாதம் மீனெண்ணெய் மாத்திரை அனுப்பிவிட்டு போன் போடுவார். “இன்னும் வலிக்குதா ஆயா?”

ஒரு தடவை போட்டேன், ஏப்பம் நாறியது; அதற்கப்புறம் மாத்திரையை நான் தொடுவதில்லை. ஆனால் என் வீட்டில் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது.

“கொறஞ்சிட்ச்சி நைனா” என்பேன். அவர் கேட்கிற அந்த நேரத்துக்குக் குறையத்தான் செய்கிறது.