துரைசாணியின் காரும் பதினான்கு கொடுவாள்களும்

ஒரு சாமானைக் கழற்றத் தெரிந்துவிட்டால் அதை மாட்டவும் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த நினைப்பு கொஞ்சம் ஓவராகவே இருந்தது. சேந்தமங்கலம் பஸ் ஷெட்டில் இரண்டு வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் நான். ஊருக்குள் மட்டும் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். (ஷெட்டில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.)

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தி நடந்த சங்கதி இது. கொல்லிமலை மேலே பெரக்கரை நாட்டுப் பக்கம் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு காப்பித் தோட்டம். அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணியிடம் இரண்டு பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பழசு, தகரமும் மரச்சட்டமுமாக அத்தனை லேசு. அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. பதினாறு பேர் மூங்கில் கட்டி, சாமி பல்லக்கு மாதிரி தோளில் சுமந்துதான் அதை மேலே கொண்டுபோனார்கள். தோட்டத்துக்குள் இருந்த மூன்று மைல் மண்பாதையில் துரைசாணி அதை ஓட்டுவார். கல்லிலும் பள்ளத்திலும் அடிபட்டு, அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. அவர் ஏறி உட்கார்ந்தால் மட்கார்டு டயரில் உரசும்.

அதைச் சரிசெய்து கொடுத்தால், சேலத்தில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக ஆள் அனுப்பினார். எனக்கு அந்தக் கடிதம்தான் உயிர். என் மாமன் மகள் செல்லம்மாளை நாமக்கல் ரைஸ் மில்காரன் ஒருவன் ஏற்கெனவே பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மாமா என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "சேலத்துல வேலைன்னா பொண்ணு உனக்கு. பஸ் ஷெட்டுன்னா நாங்க நாமக்கல்லுக்கே குடுத்துக்கறோம்."

மலையேறினேன். காருக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஒரே நாளில் சக்கரங்களையும் நாலு ஸ்பிரிங்கையும் கழற்றினேன். பட்டை பட்டையாகப் பிரித்து, துரு தேய்த்து, நீளவாரியாக அடுக்கினேன். மொத்தம் இருபது பட்டை. துரைசாணி வந்து பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலிலேயே நான் செல்லம்மாள் கழுத்தில் தாலி கட்டி முடித்துவிட்டேன்.

அடுத்தது பட்டைகளை உலையில் காய்ச்சி வளைவு எடுக்கும் வேலை. பஸ் ஷெட்டிலிருந்து பட்டைகள் கொல்லர் பட்டறைக்குப் போகும், வளைந்து திரும்பி வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. திண்ணனூர் நாட்டில் கைதேர்ந்த கொல்லர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். அந்தப் பக்கம் போன ஒரு தோட்டத்து ஆளிடம் பட்டைகளைக் கட்டிக் கொடுத்தனுப்பினேன். என்ன செய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லருக்குத் தெரியாததா என்ற மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மை என்னவென்றால், விளக்கப் போனால் எனக்குத் தெரியாதது வெளியே வந்துவிடும்.)

எட்டாம் நாள் காலையில் கொல்லர் தானே வந்துவிட்டார். துரைசாணியும் நானும் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். அத்தனை தூரம் நடந்த களைப்பிலும் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கோணிப்பையை இறக்கி வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே பதினான்கு கொடுவாள்.

வேறு யாருடைய பையையோ மாற்றி எடுத்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ மறுபடியும் பைக்குள் கையை விட்டு ஆறு களைக்கொத்தை எடுத்து வரிசையாக வைத்தார். பதினான்கும் ஆறும் இருபது. எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் என்னை ஒரேயடியாக உடைத்தது.

"நீளம் பத்தாத பட்டையில கொடுவா வரலீங்க, அதான் களைக்கொத்தா அடிச்சுட்டனுங்க," என்றார். "இப்படியொரு இரும்பு என் கைக்கு வந்ததே இல்லீங்க."

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பக்கத்தில் கொல்லரிடம் இரும்பைக் கொடுக்கிறவர்கள் எது வேண்டும் என்று சொல்வதில்லை. பருவத்துக்கு எது தேவையோ அதை அவரே அடித்துக் கொடுத்துவிடுவார். மிளகுக்கொடி ஏறிய மரங்களில் கிளை கழிக்கிற சமயம் அது. கார் ஸ்பிரிங்கை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இவற்றை மறுபடியும் பட்டையாக்க முடியுமா என்று கேட்டேன்.

"களி கிண்டின பொறவு மாவைக் கேட்டா எங்கீங்க போறது, சாமி?" என்றார்.

துரைசாணி திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு கொடுவாளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து மரத்தில் என் கைப் பருமனுள்ள ஒரு கிளையில் போட்டார் ஒரு போடு. ஒரே வெட்டில் கிளை கீழே விழுந்தது. சக்கரமில்லாமல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த தன் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொல்லரிடம் மட்டும், "ரொம்ப நல்ல வேலை," என்றார். நாமக்கல் ரைஸ் மில் ஓடுகிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

மறுநாள் நான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது துரைசாணி கூப்பிட்டு, ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் போலிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேலத்தில் போர்மேன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாததால், என்ன எழுதியிருக்கிறது என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"இந்த ஆள் கழட்டறதுல கெட்டிக்காரன், ஒரு ஆணிகூடத் தொலையாதுன்னு எழுதியிருக்காங்க," என்றார். "கழட்டி முடிச்சதும் சாமானையெல்லாம் இவன்கிட்ட இருந்து வாங்கிப் பூட்டி வெச்சுடணுமாம்."

வேலை கிடைத்தது, கழற்றுகிற வேலை மட்டும். மூன்று வருஷம் என் ஸ்பானர் இடது பக்கமே திரும்பியது. மாமாவிடம் சேலத்தில் வேலை என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது. முழுக்கதையையும் செல்லம்மாளிடம் சொன்னேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தையற்காரரிடம் துணி கொடுத்தாலும் சரி, ரேடியோவை ரிப்பேருக்குப் போட்டாலும் சரி, சொல்லிக் கொடுத்தீர்களா சும்மா கொடுத்தீர்களா என்ற கேள்வி வராமல் இருக்காது. போன மாதம் என் பல்செட் உடைந்துபோனது. சரிசெய்ய எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேரப்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, செல்லம்மாள் வாசல் வரை வந்து சொன்னாள்:

"பல்லுதான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டு வாங்க. இல்லீன்னா களைக்கொத்தாக் குடுத்துருவாங்க."

பல் இல்லாத வாயால் நான் எதைச் சொல்வது? ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.