இரண்டு அவர்

அன்பும் சற்றே பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்கத் தைரியம் இல்லை. மாமாவின் இன்டர்வியூ மூன்று மணியிலிருந்து காலை பத்துக்கு மாறிய செய்தி அவருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாய். எட்டு மாதமாக வேலை இல்லாத மனிதர். போனில் சொன்னால் திட்டுவாய். அதனால் கடிதம்.

குற்றம் ஒரு சொல்லில் இருக்கிறது. அவர்.

நம் வீட்டுக்காக நான் எழுதிய நினைவூட்டும் புரோகிராமில், மீட்டிங்குக்குள் நுழையும் அவசரத்தில் நீ, "அவருக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ" என்று ஆபீஸ் முகவரியோடு போட்டாய். அடுத்த நிமிடம் அம்மா, "அவருக்குப் பதினொரு மணிக்குக் கண் டாக்டர்" என்று போட்டாள். உன் அவர் மாமா. அம்மாவின் அவர் அப்பா. நானோ சோம்பலில் 'அவர்' என்று ஒரே ஒரு வேரியபிளை, பெயர் எழுதிய டப்பா மாதிரி, எல்லோருக்கும் பொதுவாக மேலே வைத்திருந்தேன். அதில் ஒருவருக்குத்தான் இடம். அப்பா உள்ளே வந்ததும் மாமா அழிந்தார். இரண்டு செய்தியும் அப்பாவுக்கே போயின.

ரிட்டயர் ஆகி ஆறு வருடமானவர், இந்த வயதிலும் ஒருத்தன் கூப்பிடுகிறானே என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், கண் சரியாகத் தெரியாமல் வாசலில் நீட்டிய பட்டியலில் மாமாவின் பெயருக்கு நேரே கையெழுத்தும் தன் போன் நம்பரும் போட்டு, உள்ளே போய் உட்கார்ந்து,

"அனுபவம்?"

"முப்பத்தஞ்சு வருஷம்."

"உங்க பலவீனம்?"

"கண்ணுதான். அதுக்கும் பதினோரு மணிக்குப் போகணும், சீக்கிரம் கேளுங்க."

மூன்று மணிக்கு மாமா போனால், "நீங்கதான் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டீங்களே" என்றார்களாம். கெஞ்சியதில் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள்.

இப்போது திருத்திவிட்டேன். புரோகிராமில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு உண்டு, ஃபங்ஷன் என்போம். இனி அவரவர் அவர் அவரவர் ஃபங்ஷனுக்குள். பக்கத்து ஃபங்ஷனுக்கு அவர் முகமே தெரியாது. அம்மாவுக்கும் விளக்கினேன்.

"ஃபங்ஷன் முடிஞ்சதும் உன் அவரும் முடிஞ்சிடுவாரும்மா."

"வாயக் கழுவுடி."

இந்த வீட்டில் இனி ஓர் அவர் இன்னோர் அவர் மேல் ஏறி உட்காரமாட்டார். இது உறுதி. மாமாவுக்கு என் மன்னிப்பு. குட்டிக்கு முத்தம்.

உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அந்த ஆபீஸிலிருந்து அப்பாவின் போனுக்கு அழைப்பு. அம்மா எடுத்தாள். "அவரத் திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எந்த அவர் என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்கு ஒரே அவர்தானே. அப்பா சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார். மாமாவையும் தேய்க்கச் சொல்.