மாடம்மாள் பக்கந்தோறும் கையெழுத்திட்ட நோட்டு

வலியசாலை, திருவனந்தபுரம்.
வெள்ளிக்கிழமை, காலை.

என் மரியாதைக்குரிய மச்சான் வேலப்பன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை தாணுமாலயன் வணங்கி எழுதுவது.

நாகர்கோவிலில் தாங்களும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே நான் உடம்பளவில் நலம். தங்கள் தங்கை மாடம்மாளும் நலம். இரண்டு மாதமாக ரொம்பவே நலமாக இருக்கிறாள். அதில்தான் எனக்குச் சந்தேகம்.

போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் போனில் பேசினால் ஆரியசாலை வரைக்கும் கேட்கும் என்று அவளே சொல்லுவாள், அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு முகம் கழுவி, புடவை மாற்றி, "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புகிறாள். மூன்று மணிக்கு எந்தக் கோயிலில் நடை திறந்திருக்கும், சொல்லுங்கள். சாமியே படுத்துத் தூங்குகிற நேரம். கேட்டால் "வெளிய நின்னு கும்பிட்டா சாமி வேண்டாம்னா சொல்லும்?" என்கிறாள். போன மாதம் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஸ்டுடியோவில் போய்ப் போட்டோ எடுத்து வந்திருக்கிறாள், இரண்டு காதும் தெரிகிற மாதிரி. எதற்கு என்றால் "செத்தா மாலை போடத்தான்" என்கிறாள். நல்லாயிருக்கிற மனுஷி இப்படிப் பேசுவாளா?

போன செவ்வாய்க்கிழமை உளுந்து டப்பாவுக்குப் பின்னால் ஒரு நோட்டு அகப்பட்டது. நான் தேடவில்லை மச்சான், கை தட்டுப்பட்டது. திறந்து பார்த்ததும் அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, நடுவில் இங்கிலீஷ், கீழே தங்கள் தங்கையின் முழுக் கையெழுத்து, அதற்கும் கீழே சிவப்பு மையில் வேறு யாரோ ஒருவரின் சுருக்கக் கையெழுத்து. நாற்பது வருஷம் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினவன் நான். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் சாட்சியும் இருந்தால் அது விளையாட்டா? மனசில் ஒன்றும் இல்லாதவர்கள் அப்படியெல்லாம் எழுதி, ஒப்பு என்று கையெழுத்தும் வைக்க மாட்டார்கள். அதிலே என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? 'ஐ கேன் லிவ் அலோன்.' தனியாக இருக்க அவளால் முடியுமாம். 'யூ மஸ்ட் நாட் ஆஸ்க் மீ.' அவளை யாரும் கேள்வி கேட்கக் கூடாதாம். 'ஹீ ஷுட் வாஷ் ஹிஸ் பிளேட்.' அவர் அவருடைய தட்டைக் கழுவ வேண்டுமாம். அந்த ஹீ யார் என்று நான் விசாரிக்கப் போகவில்லை, எங்கள் வீட்டில் ஹீ என்று இருப்பது ஒரே ஒரு ஆள். 'ஐ வில் நாட் குக் டுமாரோ' என்று திங்கட்கிழமை தேதியில் எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் புளிக்கறி, பயறு துவரன், பப்படம் எல்லாம் வைத்திருக்கிறாள். சமைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டு ஒரு மனுஷி சமைக்கிறாள் என்றால், எதிராளியைக் குழப்பத்தானே?

அதெல்லாம் போகட்டும். நாற்பத்தோராவது பக்கம்தான் என்னைக் கொன்றுவிட்டது. 'வீ வில் கோ டு ஷிஜா' என்று எழுதி, அந்த 'வீ'யை அடித்து, மேலே 'ஐ' என்று எழுதியிருக்கிறாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள் ஷிஜாவிடம் நாங்கள் போவோம் என்று முதலில் இருந்திருக்கிறது, பிறகு நான் போவேன் என்று ஆகிவிட்டது. அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் ஒப்பு இல்லை, ஆகவே திருத்தம் செல்லாது என்று என் அனுபவத்துக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவனின் பெயரை வெட்டிவிட்டாள் மச்சான். யாரோ சொல்லிக் கொடுக்காமல் இது நடக்காது.

அந்தச் சிவப்பு மைக்காரர் யார் என்று பார்க்கப் புதன்கிழமை அவள் பின்னாலேயே போனேன். மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். வாசலில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு ஜோடி செருப்பு, எல்லாம் பெண்பிள்ளைகள் போடுவது. ஜன்னலுக்கு அடியில் போய் நின்றேன். உள்ளே ஒருத்தி "ஐ கேன் கோ" என்று சொல்லுகிறாள், பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஐ கேன் கோ" என்கிறார்கள். "ஐ மஸ்ட் கோ" என்கிறாள், "ஐ மஸ்ட் கோ" என்கிறார்கள். இது ஏதோ சத்தியப் பிரமாணம். ஒரு அடி பின்னால் வைத்தவன் நேரே சாக்கடை ஓடைக்குள் இறங்கிவிட்டேன். முழங்கால் வரை சேறு. அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தாசம்மாள் வந்து, "என்ன அண்ணாச்சி, ஓடைக்குள்ள என்னத்தத் தேடுதீங்க?" என்றாள். "சாவி" என்றேன். "கையில வச்சிருக்கியளே, அது பின்னே எந்தாணு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தேன். அவளும் வந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு "ஷால் ஐ மேக் டீ?" என்றாள். கல்யாணமாகி இன்றுவரை டீ போடவா என்று என்னிடம் கேட்டதே கிடையாது, போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். திடீரென்று இவ்வளவு மரியாதை என்றால், ஆள் பெட்டி கட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

ஆகையால் மச்சான், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்து, தங்கையை முன்னால் உட்காரவைத்து நன்றாக விசாரிக்க வேண்டும். தாங்கள் கேட்டால் அவள் மறைக்க மாட்டாள். நான் கேட்டால் 'யூ மஸ்ட் நாட் ஆஸ்க்' ஏற்கனவே இருக்கிறது.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லோருக்கும் தாணுமாலயசாமி துணை நிற்கட்டும், எனக்குச் சற்றுக் கூடுதலாகவே.

இப்படிக்கு,
தாணுமாலயன்

பின்குறிப்பு: கவரில் விலாசம் எழுதும்போது தங்கள் பின்கோடு நினைவுக்கு வரவில்லை. யாரிடம் கேட்பேன், அவளிடம்தான் கேட்டேன். "அண்ணனுக்கு என்ன அப்படி ரகசியம்?" என்று கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். அது சுஜா டீச்சர் நடத்துகிற இங்கிலீஷ் வகுப்பாம். கேன், வில், மஸ்ட், ஷுட் எல்லாம் வைத்துத் தினமும் பத்து வாக்கியம் எழுதிவர வேண்டுமாம், சிவப்பு மை டீச்சருடையதாம். அப்படியென்றால் பக்கந்தோறும் உன் கையெழுத்து எதற்கு என்றேன். "ஒப்பு இல்லாத பக்கம் வெறுங்காயிதம்னு தெனமும் சொன்னது யாரு?" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்போ அந்த 'வீ'யை அடித்ததும் பாடம்தானே என்று கேட்டேன். "தேதியப் பாருங்க" என்றாள். பார்த்தேன். ஷிஜா போன் பண்ணி இரண்டு பேரையும் மே மாதம் வரச்சொல்லிக் கூப்பிட்ட நாள். அன்றைக்கு நான்தான் போனை வாங்கி, "நாங்க வரல மக்களே, அம்மைக்குக் குளிரு ஒத்துக்கிடாது" என்று சொல்லி வைத்தேன். "எனக்குக் குளிரு ஒத்துக்கிடாதுன்னு நான் சொன்னேனா? முப்பத்தொரு வருசமா எனக்கும் சேத்து நீங்கதான் பதில் சொல்லுதீங்க. 'வீ'ய அடிச்சது பாடம் இல்ல. பாஸ்போர்ட் வந்தாச்சு, ஷிஜா டிக்கெட் போட்டாச்சு" என்றாள். எத்தனை டிக்கெட் என்று நான் கேட்கவில்லை.

நோட்டை வாங்கி நாற்பத்தோராம் பக்கத்தில் 'ஐ'யை அடித்து, 'வீ' என்று எழுதி, பக்கத்தில் என் ஒப்பை வைத்து, அவளுடைய ஒப்புக்கும் இடம் விட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். ஒப்பு வைக்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாக்கட்டும்" என்று சொல்லிக் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள். மணி மூன்று.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை அவளை விசாரிக்க வர வேண்டாம். எனக்காக நாலு வார்த்தை சொல்ல வாருங்கள். என் தட்டை நான் கழுவிவிட்டேன் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.