ஆறு தடவை உங்கள் வாசலைத் தாண்டியது பற்றி

வண்ணார்பேட்டை,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய தில்லைநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு,

பணி ஓய்வு பெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர் சங்கிலிபூதத்தான் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் தொடங்கினேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நம் ஊரில் யாரும் யாரையும் கூப்பிடக்கூடிய அண்ணாச்சியோடு நிறுத்திக்கொண்டேன். இவ்விடம் யாவரும் சுகம். என் மனைவி முத்துராணி மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசாமல் சுகமாக இருக்கிறாள். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டம்மா செல்லக்கிளி அவர்களும், மாப்பிள்ளை பெருமாள்ராஜும் சுகமாயிருக்க காந்திமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, இதைக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

நிற்க. இப்படிக் கடிதத்தில் எழுதிவிடுவது சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு நிற்க முடியவில்லை என்பதைத்தான் தங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பதினேழு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டது ஒற்றை டிக்கோடு கிடக்கிறது. கல்யாணத் தரகரிடம் நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தது இது: பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள், வாசல் வரை வந்து வேகத்தைக் குறைத்தார்கள், வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்கள், பிடிக்காமல் விரட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதையும் ஒரு தடவை அல்ல ஆறு தடவை செய்தார்கள். அண்ணாச்சி, நடந்தது அத்தனையும் உண்மை. அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் மட்டும் உண்மை இல்லை.

என் மகள் தேன்மொழி ஓசூரில் மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர் என்பது தங்களுக்குத் தெரியும். அவளிடம் முப்பது வயதான, ரெண்டே சீட்டு உள்ள, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருப்பது தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை என்ன என்று கேட்டீர்கள். உரமூட்டை என்று என் மச்சினன் செந்தூர்பாண்டி சொன்னான். அது பொய். பெண்ணுக்குக் கைவேலை வருமா என்று தங்கள் வீட்டம்மா கேட்டதற்கு அருமையாக வரும் என்று நான் சொன்னேனே, அது பொய் இல்லை. அந்த வண்டியை நட்டு நட்டாகக் கழற்றி மாட்டுவாள். வண்டி ஓடுவதில் குறையே கிடையாது, நிற்பதில்தான் எல்லாக் குறையும். பிரேக்கை மிதித்தால் சர்க்கார் ஆபீஸில் மனுக் கொடுத்த மாதிரி, வாங்கி வைத்துக்கொண்டு பைய யோசிக்கும். போன தீபாவளிக்கு வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நான் எழுந்து நின்று மிதித்தும், கொய்யாப்பழத் தள்ளுவண்டிக்கு நாலு விரக்கடை முன்னாடிதான் போய் நின்றது. பழக்காரர் கோபப்படவில்லை, ஒரு பழத்தை எடுத்து என் கையில் கொடுத்து, முதலில் தண்ணியைக் குடிங்க அண்ணாச்சி என்றார்.

அதற்கப்புறம் அவள் விடவில்லை. வண்டி செய்த கம்பெனிச் சாமான் இப்போது வருவதில்லையாம், வந்தாலும் அதே லட்சணம்தானாம். அதனால் வேறு ஆட்கள் செய்கிற பெரிய பிரேக் சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். ரெண்டு மாசம் ஆயிற்று. சாமான் வந்தால், சக்கரத்தோட சேந்து சுத்துற புதுத் தட்டு பழைய சக்கரத்துக்குள்ள நுழையல. சரின்னு சக்கரத்தைப் பெருசா மாத்துனா அது மட்கார்டுல இடிக்கி. மட்கார்டைத் தட்டி நிமித்துனா பெயிண்ட் உதிருது. சனிக்கிழமை சாயங்காலம் பிரேக் ஆயில்ல ஏர் எடுக்கணும்னு என்னைய உள்ள உக்கார வச்சு, கீழ கிடந்துக்கிட்டு மிதிங்க, பிடிங்க, விடுங்கன்னு மூணு மணி நேரம். அன்னைக்குத் தூக்கத்துலயும் நான் மிதிச்சிருக்கேன். முத்துராணி கீழ பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டா.

இனிமேல்தான் சங்கதி. புதுசா மாட்டுன பிரேக்கை அப்படியே ஓட்டிரக் கூடாதாம். மிதிச்சா தட்டை இறுக்கிப் பிடிக்கிற கட்டையும் அந்தத் தட்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணுமாம். அதுக்கு அறுபதுல போயி, நல்லா மிதிச்சு பதினஞ்சுக்குக் கொண்டாந்து, நிக்காம மறுபடி அறுபதுக்கு ஏத்தி, இப்படியே பத்து தடவை செய்யணும். நடுவுல முழுசா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டுனா சூடான கட்டை தட்டுல அச்சுக் குத்திரும், அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் வண்டி வெடவெடன்னு ஆடும், எல்லாத்தையும் திரும்பக் கழத்தணும். பத்தும் முடிஞ்ச பிறகும் ஆறுற வரைக்கும் பிரேக்கைத் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டணும். அவளுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஓசூருக்கு அதுல கிளம்பணும். ஒளிஞ்சிருந்த ஆயில் கசிவு ஒண்ணைப் பகல்ல தேடி அடைச்சுட்டு நிமிரும்போது மணி மூணு. நான்தான் சொன்னேன், நீ குளிச்சுச் சாப்பிட்டு ரெஸ்ட் எடு, நாங்க மாப்பிள்ளை வீட்டுக்கு முக்கூடல்தானே போறோம், போற வழியிலயே பத்தையும் முடிச்சுருதேன்னு. தாம்பாளத்தோட போகும்போது வேண்டாம்ப்பான்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேக்கல. என் மக கையால மாட்டுன பிரேக்குல உங்க வாசல்ல வந்து நச்சுன்னு நிக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. அந்த ஆசைதான் இவ்வளவுக்கும் காரணம், அவ மேல ஒரு தப்பும் கிடையாது.

வண்டியில நானும், மடியில தாம்பாளத்தோட செந்தூர்பாண்டியும். மத்த பதினோரு பேரும் வேன்ல. வேன் டிரைவருக்கு வழி தெரியாது, சிவப்பு வண்டி பின்னாலயே வாரும், எங்க போனாலும் விட்டுராதிரும்னு சொல்லி வச்சேன். பேட்டை தாண்டுறதுக்குள்ள ரெண்டு முடிஞ்சது. அப்புறம் ஆட்டுமந்தை, வைக்கோல் லாரி, ரயில்வே கேட்டு. கேட்டுல நிக்க வேண்டியதாப் போச்சு, அதனால முதல்லருந்து எண்ணணுமோன்னு எனக்கும் செந்தூர்பாண்டிக்கும் வாக்குவாதம். அவன் தாம்பாளத்து ஆப்பிள் மூணு அதுக்குள்ள கண்ணாடில போயி மோதியிருந்ததால எண்ணுற நிலைமையில இல்ல. செஞ்சது செஞ்சதுதான்னு வச்சு, நாலு முடிஞ்சு அஞ்சாவதுக்கு ஏத்தும்போது பாத்தா உங்க வீடு. ஒரு பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் உங்க வீடு, நடுவுல ஆளே இல்லாத நேர் ரோடு. திருநெல்வேலியிலருந்து அந்த மாதிரி ஒரு ரோட்டை நான் பாக்கல அண்ணாச்சி. மணி நாலு அஞ்சு. ராகுகாலத்துக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் கிடக்கு, ஆறுதானே, இங்கனயே போயித் திரும்பி, போயித் திரும்பி முடிச்சுட்டே இறங்கிருவோம்னு கணக்குப் போட்டேன்.

முத தடவை உங்க வீட்டுப் பொம்பளையாட்கள் பன்னீர்ச் செம்போட முன்னால வந்தாங்க. பதினஞ்சுல வந்த வண்டி அறுபதுக்குப் போயிருச்சு. பின்னாலயே வேனும் குறைச்சு, பின்னாலயே விரட்டுச்சு. ரெண்டாவது தடவை சுதாரிச்சு எட்டித் தெளிச்சாங்க, பன்னீர் முழுக்க கண்ணாடில. எனக்கு ரோடு தெரியல, அதனால வைப்பரைப் போட்டேன். பன்னீரை வைப்பர் போட்டுத் துடைச்சவன்னு உங்க தங்கச்சி ஊரெல்லாம் சொல்லுதாங்களாம், நியாயந்தான். மூணாவது தடவை முத்துராணி வேன் ஜன்னல் வழியா உங்க வீட்டம்மாவுக்குக் கும்பிடு போட்டா, அவங்க கும்பிடுறதுக்குள்ள வேன் போயிருச்சு. நாலாவதுல அவ எனக்குப் போன் போட்டா. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கிறவன் இல்ல நான். அஞ்சாவது தடவை நீங்களே ரோட்டுக்கு வந்து கையைக் காட்டுனிய. முப்பத்திரண்டு வருஷம் நடுரோட்டுல நின்னு கையைக் காட்டி வண்டியை நிப்பாட்டுன ஆள் நான். என் கைக்கு நிக்காமப் போன டிரைவர்களுக்கு மெமோ வாங்கிக் குடுத்திருக்கேன். உங்க கையைப் பாத்ததும் கால் தானா பிரேக்குக்குப் போச்சு, ஆனா இன்னும் ஒண்ணு பாக்கி. அதைத்தான் கையை ஆட்டிச் சொன்னேன், இன்னும் ஒண்ணு இருக்குன்னு. எட்டத்துலருந்து பாத்தா வேண்டாம் வேண்டாம்னு சொல்லுத மாதிரி இருந்திருக்கும். ஆறாவதுக்கு வரும்போது வாசல்ல நாற்காலி மட்டும்தான் இருந்துச்சு.

அங்கனயே நிப்பாட்டியிருக்கலாம். கட்டை ஆறணுமேன்னு பாப்பாக்குடி வரைக்கும் போயிட்டுத் திரும்பும்போது ராகுகாலம் வந்துருச்சு, உங்க கேட்டுல பூட்டு. ஆறு மணி வரை காத்திருந்து கூப்பிடுவோம்னு ஓரமா உக்காந்திருக்கோம், பின்னால வந்த வேனைக் காணோம். வேன்ல சின்னப் பிள்ளைங்க பசின்னு அழுதிருக்கு, டிரைவர் பஜார்ல பரோட்டாக் கடைல ஓரங்கட்டிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சாத்தான் சம்பந்தம் உறுதிங்கிறது நம்ம முறை. உங்க வீட்டுல கேசரியும் வடையும் போட்டு வச்சிருக்க, எங்க ஆளுக பதினோரு பேரும் உங்க ஊர்லயே சால்னாவுல கை நனைச்சிட்டு நிக்காங்க. அதைப் பாத்துட்டுப் போனது உங்க தம்பி. இதுக்கு நான் எந்த விளக்கமும் வச்சிருக்கல.

ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. சர்வீஸ்ல இருக்கும்போது எந்த வண்டியையும் என் கையால நிப்பாட்டுனேன். என் மக தனியா ராத்திரி ஓசூர் ரோட்டுல போகும்போது அவ வண்டி முன்னால நான் கையைக் காட்ட முடியாது. அந்தக் கட்டையும் தட்டும்தான் அங்கன அவளுக்கு நிக்கணும். அதை அரைகுறையா விட்டுட்டு உங்க வீட்டுப் பலகாரத்தைத் தின்ன எனக்கு மனசு வரல. உங்களை அவமானப்படுத்தணும்னு கனவுலயும் நினைக்கல. உங்க வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆறு தடவை பாத்திருக்கேன்லா. பெருமாள்ராஜை எங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. தேன்மொழி வாயைத் திறந்து சொல்லல, ஆனா நடந்ததைக் கேட்டதிலிருந்து ஓசூருக்கும் போகாம, லீவைப் போட்டுட்டு, சோறும் சரியாச் சாப்பிடாம வண்டிக்கு அடியிலயே கிடக்கா. எனக்குத் தாங்கல.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, இன்னொரு நாள் குறித்துச் சொல்ல வேண்டுகிறேன். நாங்கள் டவுன் பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பில் இறங்கி, நடந்து வாசலுக்கு வருவோம். அந்தச் சிவப்பு வண்டி இனி உங்கள் தெருப் பக்கம் தலையைக் காட்டாது. தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டச் சொல்லிவிட்டேன். இது காந்திமதி அம்மன் மேல் சத்தியம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, பன்னீர்ச் செம்பு பிடித்துக் கை வலித்தவர்களுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்,
சங்கிலிபூதத்தான்.

பின்குறிப்பு: மணி ரெண்டு. காலையில கடுதாசியை ஒட்டப் போகும்போது உங்க மகன் டவுன் பஸ்ல வந்து இறங்குனாரு. ஞாயித்துக்கிழமை மொட்டைமாடியில நின்னு பாத்தாராம், பிரேக்கைப் பழக்குறோம்னு ரெண்டாவது தடவையே அவருக்கு விளங்கிருச்சாம், சொல்ல வந்தவரை நீங்கதான் வாயை மூடுலேன்னுட்டியளாம். வந்தவரு நேரே வண்டிக்கு அடியில போயிட்டாரு. முன் சக்கரம் ரெண்டுக்கும் மட்டும் புதுசு போட்டா பத்தாது, பின்னாலயும் மாத்தணும்னு ரெண்டு பேரும் பேசி, சாமானும் இருந்ததால மாட்டி முடிச்சாச்சு. சத்தியம் செஞ்சது நான், அவங்க ரெண்டு பேரும் செய்யலன்னு முத்துராணி சொல்லுதா. நாலு நாளைக்கப்புறம் அவ என்கிட்டப் பேசுன முத பேச்சு அதுதான். செந்தூர்பாண்டிகிட்ட இதைக் கொடுத்து பஸ்ல முன்னால அனுப்புதேன். நாலு மணிக்கு யாரும் பன்னீரைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வர வேண்டாம், பின்னால மாட்டுனதையும் பழக்கணும்லா, பத்து தடவையும் உங்க வாசல்லதான். கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசல்ல இறங்கலாமான்னு முத்துராணி கேட்டா. வண்டி நின்னாத்தானே அத்தை இறங்கன்னு சொல்லிட்டு உங்க மகன்தான் ஓட்டிட்டு வாராரு.