செவ்வாயில் தடம், கொல்லையில் ஈரம்

இடது கையில் தூளிக் கயிறு, வலது கையில் பென்சில். கயிற்றை விட்டால் பிள்ளை அழும். பென்சிலை விட்டால் இந்தக் கதை போய்விடும். அதனால் ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

எங்கள் வீட்டுக்காரர் சாந்தோமில் வாத்தியார். போன மாதம் பத்திரிகையில் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் படித்தார். அங்கே கோடு கோடாகத் தெரிகிறதாம். என்றைக்கோ தண்ணீர் ஓடிய தடம் என்று சிலர் சொல்கிறார்களாம். அன்று முதல் எங்கள் வீட்டில் சோற்றைவிடச் செவ்வாய்தான் அதிகம்.

எனக்குக் குழாயடிக் கவலை. நான் வாயில்லாப் பூச்சி. யார் முந்தினாலும் ஒதுங்கி நிற்பேன். என் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிடும். கொல்லையில் வறண்ட கிணறு ஒன்று சும்மா கிடக்கிறது.

"என்னங்க, நம்ம கிணத்தைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்களேன்."

"அதுல ஏது தண்ணி? ஆதாரமில்லாம நான் மண்வெட்டியைத் தொடமாட்டேன்."

"செவ்வாயில மட்டும் இருந்துச்சுன்னீங்களே?"

"அங்க தடம் இருக்கு, கிளாடிஸ்! இங்க என்ன இருக்கு?"

தடம்தானே வேண்டும்? மறுநாள் அவர் எழுவதற்குள், பிள்ளையின் மூத்திரத் துணி அலசிய தண்ணீரைக் கிணற்றில் கொட்டினேன்.

"என்னங்க, உள்ளே என்னமோ கறுப்பாத் தெரியுது."

எட்டிப் பார்த்தார். இறங்கினார். ஒரு பிடி மண்ணை மோந்தும் பார்த்தார்.

"ஈரம்! காரமா ஒரு வாடை வேற! பூமிக்குள்ள உப்பு கரைஞ்சு வருது. ஊத்து இருக்கு, சந்தேகமே இல்லை!"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மண் கூடையை மேலே இழுக்கப் பக்கத்து வீட்டுத் தங்கவேல் வந்தார்.

"இன்னா வாத்யாரே, செவ்வாய்க்கு சொரங்கம் வெட்றியா?"

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குக் குடத்தோட நீங்கதான் வந்து நிக்கப்போறீங்க."

அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் கிணறுதான். நேற்று மண் குழைந்து வந்தது. மாதா சத்தியமாக, நான் மறுபடி ஒரு சொட்டும் ஊற்றவில்லை! இனிமேல் என் கிணறு, என் குடம். என்னை யார் முந்துவது?

அதோ, கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிறார்.

"கிளாடிஸ்! தண்ணி பொங்குது! ஓடி வா!"

"வாத்யாரே, கலங்கலா கீது, இரு!" இது தங்கவேல்.

"இருக்கட்டும்! ஆதாரத்தைக் கண்டுபிடிச்சவன் நான். மொதக் கை நான்தான் குடிப்பேன்!"

ஐயோ, என்னங்க, வேண்டாம், அது உப்பு வாடை இல்லை, நம்ம பிள்ளையோட